இருபத்தைந்து பல்

புறக்கோட்டை, இரண்டாம் குறுக்குத் தெரு.
முபீத் மூன்று சேர்வோப் பெட்டிகளை
கண்ணாடி மேசையில் வரிசையாக வைத்தான்.
மூன்றிலும் ஒரே வாக்குறுதி, மூன்று நிறத்தில்:
முழுவதும் உலோகப் பற்சக்கரம்.

"இது பதினஞ்சு கிலோ இழுக்கும், மிஸ்.
இது வேகம். அறுபது பாகை திரும்ப
செக்கனில நூறில ஏழு பங்கு.
இது... இது மலிவு."
கடைசியைச் சொல்லும்போது மட்டும்
குரலில் கொஞ்சம் நேர்மை.

தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய உடம்பு.
தலையில் இருபத்தைந்து பல் வைத்த ஓர் அச்சு.
பாலகனுக்கு அதிகம், பெரியவருக்குக் குறைவு,
எந்த வாய்க்கும் பொருந்தாத எண்.
காரின் முன்சில்லுகள் இரண்டும்
இந்தப் பல்லை நம்பித்தான் திரும்ப வேண்டும்.

போன மாதம் திரும்பவில்லை.
ராஜகிரிய, மூடிக் கிடக்கும் களஞ்சியத்தின் வாகனத் தரிப்பிடம்,
மூன்றாம் சுற்று, கொண்டை ஊசி வளைவு.
இடம் என்றேன்.
கார் யோசித்தது.
யோசித்து முடிக்குமுன் சீமெந்துக் கட்டு.
கழற்றினால், உள்ளே மூன்று பல் மாவாகிக் கிடந்தது;
'உலோகம்' என்ற லேபலில் மட்டும் ஒரு கீறல் இல்லை.

அதனால்தான் தவணை கேட்டேன்:
"மூண்டுக்கும் காசு வச்சிட்டுப் போறன்.
வியாழக்கிழமை ரெண்டைத் திருப்பித் தருவன்."
"சீல் உடைச்சா எடுக்க ஏலாது, மிஸ்."
"உடைக்க மாட்டன்."
நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று
அவன் கேட்கவில்லை.

வெள்ளவத்தை. இரவு ஒன்றரை.
கடலோரத் தண்டவாளத்தில் ரயில் இல்லாத நேரம்.
ஓட்டோக்காரர் ஒருவரின் மணிக்கட்டைப் படமெடுத்து
மேல்மாடிக்கு அனுப்பியாகிவிட்டது.
"பிரேக் பிடிச்சது, மிஸ். ஹேண்டில்தான் கேக்கேல்ல"
என்று போகும்போதும் சொல்லிக்கொண்டே போனார்.
அவர் கை கிடந்த இடத்தில்
பெட்டிகளைப் பக்கவாட்டில் சரித்து வைத்தேன்.
நோயாளியின் பெயர் கேட்டது கணினி.
'சோதனை' என்று தட்டினேன். வயது, பூச்சியம்.
மூச்சை அடக்கச் சொல்ல ஆளில்லை;
நானே அடக்கிக்கொண்டேன்.

முதலாவது:
மோட்டர் வெள்ளை, திருகாணி வெள்ளை,
பற்சக்கரம் இருக்கவேண்டிய இடத்தில்
சாம்பலாக ஒரு சந்தேகம்.
பிளாஸ்டிக். பதினைந்து கிலோவாம்.

இரண்டாவது, அந்த வேகக்காரன்:
மூன்று சக்கரம் பால் வெள்ளை.
நான்காவது, மோட்டரை ஒட்டிய சின்னது,
பேய்.

மூன்றாவதில், மலிவில்,
நான்கும் வெள்ளை.
நம்பாமல் இன்னொரு தடவை எடுத்தேன்.
நான்கும்.

ஆனால் அது மெதுவானது. நூறில் பதினான்கு.
கதிரையில் சாய்ந்து கணக்குப் போட்டேன்:
வளைவைக் கண் கண்டு, விரல் றிமோட்டைத் திருப்ப
எனக்கே நூறில் இருபத்தெட்டு போகும்,
இரவு வேலை முடிந்த ஞாயிறென்றால் முப்பத்தைந்து.
மிச்சம் பிடிக்கும் அந்த ஏழு பங்கை
நான் எங்கே கொண்டுபோய்ச் செலவழிப்பது?
இதைச் சொன்னால் சமிந்து சிரிப்பான்.
வேகத்தை வாங்கி மாதாமாதம் பல் மாற்றுகிறவன் அவன்.
எப்போதும் எனக்கு முன்னால் முடிக்கிறவனும் அவன்தான்.

வியாழன், இரண்டைத் திருப்பினேன், சீலோடு.
"எப்பிடித் தெரிஞ்செடுத்தீங்க?"
"பார்த்தன்."
முபீத் ஒரு பெட்டியைக் காதருகே வைத்து
ஆட்டிப் பார்த்தான், பாவம்.

ஞாயிறு காலை பூட்டி, பற்றரியைக் கொழுவினேன்.
மெல்லிய முனகல். நடுவைத் தேடும் நுளம்பு.
தேடித் தேடி அது அமர்ந்த இடம்
நடுவிலிருந்து ஒரு மயிரிழை இடப்பக்கம்.
றிமோட்டில் வலமாக இரண்டு சொடுக்கு.
பிறகு ஒன்று இடமாக.
பிறகு மறுபடி வலம்.

தன் நடு எது என்று அது நினைக்கிறதோ
அது மட்டும் எந்தப் படத்திலும் விழவில்லை.

சமிந்து தன் காரைக் கோட்டில் வைத்துவிட்டு
என் முன்சில்லைப் பார்த்தான்.
ஒன்றும் சொல்லவில்லை.
பெருவிரல் இன்னும் அந்தப் பொத்தான்மேல் இருக்க
நானும் கொண்டுபோய் வைத்தேன்.